இருபத்துமூன்று செம்பு

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு என் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. வால்தம்ஸ்டோவில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் சிறிய வீட்டில் இரண்டு வருடமாகக் குடியிருக்கும் சென்னைத் தம்பதி அனுப்பியது. குசினியில், அடுப்புக்கு மேலே, வெள்ளைச் சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம். படத்துக்குக் கீழே மனைவி எழுதியிருந்தாள்: "மேடம், பாத்ரூமுக்கு நேர் கீழ ஈரமா இருக்கு. ஒரு தடவை வந்து பாக்குறீங்களா?"

நான் பதில் தட்டினேன்: "குளிக்கும்போது தண்ணீர் வெளியே சிந்துகிறதா?"

அனுப்பும் முன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, வியாழக்கிழமை பிளம்பருடன் வருவதாக எழுதினேன்.

நம் வயதுக்காரர் பலர் இப்போது வீட்டுக்காரர்களாகிவிட்டோம். ஒரு காலத்தில் எல்லோரும் மற்றவர் வீட்டில் இருந்தவர்கள்தான். ஆகவே அந்த வரியை நான் ஏன் அழித்தேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. வெம்பிளியில், ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கும் ஒரு தெருவில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். கீழ்த்தளத்தில் தனியாக இருந்தவர் ஒரு குஜராத்தி அன்ரி. இரண்டு தளத்துக்கும் ஒரே வீட்டுக்காரர். அவர் அப்பாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். எங்களுக்கு முந்தி இங்கு வந்தவர். நான் அவரை வீட்டுக்கார மாமா என்பேன். வேறு யாரும் எங்களுக்கு வீடு தராத நேரத்தில், கடிதமும் கையெழுத்தும் கேட்காமல் வீட்டுத் திறப்பைத் தந்தவர். அதனால் அவருக்கு எந்தக் கரைச்சலும் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் மாதிரி இருந்தது.

அவரிடம் நாங்கள் ஒரு பொய் சொல்லியிருந்தோம். வீட்டில் மூன்று பேர் என்று சொல்லியிருந்தோம். இருந்தது நான்கு பேர். நான்காவது ஆள் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. ஜெர்மனியில் சில வருடம் கட்டட வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்திருந்தார். இரவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. பகலில் முன்னறையில் தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டு நித்திரை. வீட்டுக்கார மாமா வரும் நாளில் சித்தப்பா நூலகத்துக்குப் போய்விடுவார். அம்மா அவருடைய சப்பாத்துகளையும் ஜாக்கெட்டையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி, அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடுவார். பார்த்தால் நவராத்திரிக்கு எதையோ ஆயத்தம் செய்வதுபோல இருக்கும்.

அந்த வீட்டுப் பாத்ரூமை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெளிறிய பச்சை நிறத்தில் பாத் என்ற குளியல் தொட்டி. அதன் முன்பக்கத்தை மறைத்து ஒரு வெள்ளைப் பலகை, நான்கு திருகாணி. நிலத்தில் மண்ணிறக் கம்பளம். பாத்ரூமில் கம்பளம் போடும் வழக்கம் அப்போது பல வீடுகளில் இருந்தது. அந்தக் கம்பளம் காலையில் நனைந்த நாயின் மணம் தரும், சனிக்கிழமையில் பிளீச் மணம் தரும். சனிக்கிழமை அம்மா சுத்தம் செய்யும் நாள். குழாய்கள், ஓடுகள், அந்த வெள்ளைப் பலகை எல்லாவற்றையும் முழங்காலில் இருந்து துடைப்பார். பலகையில் தன் முகம் மங்கலாகத் தெரியும்வரை விடமாட்டார்.

பாத்துக்குள் ஒரு நீல வாளியும் ஒரு பித்தளைச் செம்பும் இருந்தன. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த செம்பு. கழுத்தில் ஆணியால் குத்திய இரண்டு எழுத்து இருக்கும். நாங்கள் நான்கு பேரும் பாத்துக்குள் நின்று, வாளியில் சுடுதண்ணீர் நிறைத்து, செம்பால் அள்ளித்தான் ஊற்றுவோம். அதற்குப் பெயர்தான் எங்களுக்குக் குளிப்பு.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் கீழ்வீட்டு அன்ரியின் குசினிச் சீலிங்கில் ஒரு வட்டம் தெரிந்தது. ஜாம் போத்தல் மூடியின் அளவு. அன்ரி வீட்டுக்கார மாமாவுக்கு அறிவித்தார். மாமா அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். கீழே பார்த்துவிட்டு மேலே ஏறினார். பாத்ரூமுக்குள் போனவர் வாளியையும் செம்பையும் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி இது? கிணத்தடியோ?"

அம்மா செம்பை எடுத்து வாளிக்குள் வைத்தார்.

"நீங்கள் இஞ்சை அள்ளி ஊத்தினா அந்த மனுசிக்குக் கீழை மழை பெய்யும்தானே. இந்தக் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கோ, தம்பி. சொதசொதவெண்டு கிடக்கு."

அப்பா குனிந்து கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தார். அது ஈரமாகத்தான் இருந்தது.

"நான் நேர்மையான ஆள். பைப் உடைஞ்சா அது என்ரை பொறுப்பு, நான் பாப்பன். வீட்டை ஈரமாக்கிறது, ஊத்தையாக்கிறது உங்கடை பொறுப்பு. இந்த நாட்டிலை அதுதான் முறை." கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு மாமா சொன்னார். "ஒரு மாசம் பாப்பம். அதுக்குப் பிறகும் ஈரம் நிண்டா, எனக்கு வேற ஆக்களைத்தான் யோசிக்க வேண்டி வரும். குறை நினையாதேங்கோ."

அவர் போனபின் அம்மா நெடுநேரம் பாத்தின் விளிம்பில் இருந்தார். வீட்டை விடவேண்டி வருமே என்ற பயம் ஒருபக்கம். அதைவிடத் தன் வீட்டைப் பற்றி "ஊத்தை" என்ற சொல்லை ஒருவர் சொல்லிவிட்டார் என்பதுதான் அம்மாவைக் குத்தியது என்று இன்று நினைக்கிறேன்.

அன்று மாலையே அம்மா செம்பைப் பத்திரிகைத்தாளில் சுற்றி, வாளிக்குள் வைத்து, சுடுநீர்த் தாங்கி இருந்த அலமாரியில் வைத்துவிட்டார். இனி எல்லோரும் வெள்ளைக்காரர் மாதிரி பாத்துக்குள் இருந்து குளிக்க வேண்டும். இரண்டு குழாயிலும் மாட்டும் இறப்பர்க் குழாய் ஒன்று வாங்கினோம். அது நினைத்த நேரத்தில் கழன்று பாம்பு மாதிரி துள்ளும்.

"அண்ணி, என்ரை ஊத்தைக்குள்ளையே நான் ஊறிக் கிடக்கிறதோ?" என்று சித்தப்பா கேட்டார்.

"எல்லாரும் கிடக்கிற மாதிரிக் கிடவுங்கோ. வீடு போச்செண்டா தெருவிலைதான் தோயவேணும்."

சித்தப்பா சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அண்ணை, இது குளிக்கிறதாலை வந்த ஈரம் இல்லை. எங்கையோ பைப் சொட்டுது. அவரிட்டைச் சொல்லி ஒரு பிளம்பரைக் கூப்பிடுவியுங்கோ" என்றார்.

"கொஞ்சம் பொறு" என்றார் அப்பா.

அப்பா ஏன் பொறுக்கச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளம்பர் வந்தால் பகலில் வருவார். வீட்டுக்கார மாமாவும் கூட நிற்பார். முன்னறையில் ஒருவர் நித்திரையாக இருப்பார். அம்மா வேறுவிதமாக நினைத்தார். செம்பை விட மனமில்லாமல் சித்தப்பா பைப்பின்மேல் பழியைப் போடுகிறார் என்று எனக்குக் கேட்கவே சொன்னார்.

எனக்கு அம்மா ஒரு வேலை தந்தார். ஒவ்வொரு ஞாயிறும் கீழே போய் அந்த வட்டத்தை அளக்க வேண்டும். அப்போதும் எனக்கு எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. சிவப்பு முதுகு வைத்த கொப்பி ஒன்று. அன்ரி தன் கதிரையைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி நின்று பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளப்பேன். வட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுவேன். இறங்கியதும் அன்ரி பெருங்காயம் மணக்கும் ஏதாவது ஒரு பலகாரத்தைக் கையில் வைப்பார். முதல் ஞாயிறு, மாமா வந்துபோன அன்றே, ஒன்பது சென்ரிமீற்றர். இரண்டாம் ஞாயிறு பதின்மூன்று. மூன்றாம் ஞாயிறும் பதின்மூன்று. நான்காம் ஞாயிறு அதே பதின்மூன்று, ஓரம் காயத் தொடங்கியிருந்தது.

அம்மாவின் முகம் வெளித்தது. "பாத்தியளோ? வீட்டுக்கார அண்ணை சொன்னது சரிதான். செம்பாலை வந்த வினை" என்றார். சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி, "காய்ஞ்சா நல்லதுதானே, அண்ணி" என்றார்.

இனி நான் சொல்லப்போவது நான் செய்தது.

அம்மா ஒரு சலவைக்கடையில் மாலை ஐந்துவரை வேலை. நான் பள்ளிக்கூடத்தால் வந்து, கழுத்தில் தொங்கும் திறப்பால் கதவைத் திறந்து, சத்தம் போடாமல் படியேறுவேன். சித்தப்பா நித்திரையால் எழும்பும் நேரம் அது. ஒரு புதன்கிழமை படியில் ஏறும்போதே பாத்ரூமுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. செம்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்தை வேறு எதனோடும் மாற்றி நினைக்க ஏலாது. கடைசியில் செம்பின் விளிம்பு பாத்தில் தட்டும் "ணங்" என்ற ஓசையும் கேட்டது. நான் கொப்பியை எடுத்து எழுதினேன்: "3.52. செம்பால் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒருமுறை." வியாழன் 3.50. ஒருமுறை. வெள்ளி 3.55. ஒருமுறை.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அம்மாவுக்குச் சொன்னேன். கேட்டதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அம்மா நேரே அலமாரியைத் திறந்தார். வாளி இருந்தது. பத்திரிகைத்தாள் இருந்தது. செம்பு இல்லை.

அம்மா சித்தப்பாவிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் இப்படியான விஷயத்தை முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னார். குரல் உயரவில்லை. "மாசம் முடிய இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. உங்கடை தம்பியின்ரை ஒரு செம்புக் குளிப்புக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாத்த ஏலாது."

அப்பாவும் சித்தப்பாவிடம் செம்பைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்காரருக்கு நான்கு பேர் இருப்பது தெரிந்துவிடும்போல இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு வேறு இடம் பார்த்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். சித்தப்பா உடனே சரி என்றார். வால்தம்ஸ்டோவில் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தார்கள். சனிக்கிழமை காலை ஒரு பயணப்பையோடு வெளிக்கிட்டார். அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். வாசலில் என் தலையில் கைவைத்து, "மிஸ், கணக்கைச் சரியாய் எழுதுங்கோ" என்றார். என்னை அவர் அப்படித்தான் அழைப்பார்.

அடுத்த நாள் ஞாயிறு. வட்டம் பதின்மூன்று. திங்கள், செவ்வாய் போயின. புதன்கிழமை பள்ளிக்கூடத்தால் வரும்போது அன்ரி தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். என் பென்சில் கோடுகள் எல்லாவற்றையும் தாண்டி வட்டம் ஒரு பெரிய தட்டளவுக்கு வளர்ந்திருந்தது. நடுவில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே அன்ரி ஒரு சட்டி வைத்திருந்தார்.

அன்று மாலை அம்மா அன்ரியின் குசினியில் நின்று சீலிங்கைப் பார்த்ததை மறக்கமாட்டேன். செம்பும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் பூனை மாதிரிக் குளித்துக்கொண்டிருந்தோம். பழி போட இனி ஆளில்லை. அம்மா படியேறி வந்து தொலைபேசியை எடுத்து, தானே வீட்டுக்கார மாமாவைக் கூப்பிட்டார். "அண்ணை, இது எங்களாலை வந்ததெண்டா நாங்கள் வீட்டை விடுறம். ஆனால் முதல்லை ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்து பைப்பைப் பாருங்கோ."

வியாழக்கிழமை மாலை மாமா ஒரு பிளம்பரோடு வந்தார். வயதான ஐரிஷ்காரர், மூச்சு வாங்கியபடி படியேறினார். முழங்காலில் இருந்து அந்த வெள்ளைப் பலகையின் நான்கு திருகாணியையும் கழற்றினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பலகையைச் சரித்துவிட்டு உள்ளே டோர்ச் அடித்தார்.

குளிர்தண்ணீர்ப் பைப்பின் பொருத்து ஒன்றில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அது விழுந்த இடத்தில் அம்மாவின் செம்பு இருந்தது. விளிம்புவரை நிறைந்து, வழிந்து, அதைச் சுற்றியிருந்த நிலப்பலகையெல்லாம் கறுத்து ஊறிப்போயிருந்தது. செம்பின் கழுத்தில் ஆணியால் குத்திய எழுத்து டோர்ச் வெளிச்சத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

குளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆளே இல்லாத வீட்டிலும் இது சொட்டும் என்று பிளம்பர் சொன்னார். பிறகு செம்பைக் காட்டி, இதை வைத்தவர் விஷயம் தெரிந்தவர், ஆனால் தினமும் ஊற்ற மறந்துவிட்டார் என்றார்.

"மறக்கேல்லை" என்றார் அப்பா. தமிழில், யாரையும் பார்க்காமல். "காரிலை போகேக்கை சொன்னவன். செம்பு வைச்சிருக்கிறன் அண்ணை, பின்னேரம் ஒருக்கா ஊத்திவிடச் சொல்லுங்கோ எண்டு."

அம்மா திரும்பினார். "என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"செம்பெண்டு வாயைத் திறந்தாலே நீ கத்துவாய். ஆள்தான் போயிட்டானே, பிறகேன் அந்தக் கதை எண்டு விட்டிட்டன்."

வீட்டுக்கார மாமா முகம்கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போன முறை கை கழுவேக்கை இதுக்குள்ளை நாலு பிரஷ் இருந்தது. அதுக்கு முதல் முறையும் நாலு. இப்ப மூண்டு. ஆள் எங்கை?"

மெத்தையை மூடினோம், சப்பாத்தை ஒளித்தோம். பல் துலக்கும் பிரஷை ஒருவரும் நினைக்கவில்லை.

"இவரின்ரை தம்பி" என்றார் அம்மா. "எங்களோடைதான் இருந்தவர். உங்களுக்கு ஒளிச்சு வைச்சிருந்தனாங்கள். இந்தச் செம்பை வைச்சு உங்கடை வீட்டைக் காப்பாத்தினது அவர்தான். நாங்கள் அவரை அனுப்பிப் போட்டம்."

மாமா பாத்தின் விளிம்பில் இருந்தார். அம்மா முன்பு இருந்த அதே இடம். "நாலு பேர் எண்டா நான் என்ன, வீட்டை இடிச்சே போடுவன்? நானும் இஞ்சை வந்த புதிசிலை ஒரு அறையிலை ஆறு பேரோடை கிடந்தவன்தான். நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "பைப் என்ரை பொறுப்பெண்டு நான்தானே சொன்னன். அந்தப் பலகையை அண்டைக்கே கழட்டியிருக்க வேணும். வாளியைக் கண்டோடனை எனக்கு வேற ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர் கெட்டவரில்லை. அம்மாவும் கெட்டவரில்லை. ஆளுக்கொரு முடிவோடு அந்தப் பாத்ரூமுக்குள் போனார்கள். அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பலகையை மினுங்கத் துடைத்தார். அதற்குப் பின்னால் பார்க்கலாம் என்பது சித்தப்பாவுக்கு மட்டும் தோன்றியது. அவருக்கும், போகும் நாள்வரை, கேட்காமல் கழற்றியதைச் சொல்லத் துணிவில்லை. வட்டம் காய்ந்ததற்குக் காரணம் அவர் என்று தெரியாமல், அந்தக் காய்தலையே அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

பொருத்து மாற்றப்பட்டது. ஊறிய பலகைகளை மாற்றும்போது கம்பளத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, மாமா தண்ணீர் ஊறாத லினோ விரிப்புப் போட்டுத் தந்தார். அம்மா வால்தம்ஸ்டோவுக்குத் தொலைபேசி எடுத்து, சனிக்கிழமை கணவாய்க் கறி, சாப்பிட வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். சித்தப்பா வந்தார். திரும்பி வந்து எங்களோடு இருக்கவில்லை. கூட்டாளிகளோடு பழகிவிட்டது என்றார். அதன்பின் சனிக்கிழமைகளில் வந்து போனார். அவர்மேல் எங்களுக்கு வந்த சந்தேகம் அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சனி ஞாயிறுகளில் அவர் செம்பை எந்நேரம் ஊற்றினார் என்பதும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்காமலே இருந்துவிட்டேன்.

அந்த முதல் சனிக்கிழமை அவர் மேசைக்கு வந்தபோது அம்மா சோறு போடவில்லை.

"முதல்லை தோஞ்சிட்டு வாங்கோ. கறி ஆறாது."

"வீட்டிலை குளிச்சிட்டுத்தான் வந்தனான், அண்ணி."

"அது குளிப்பில்லை."

பாத்துக்குள் நீல வாளியில் ஆவி பறக்கத் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் செம்பு. அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். அது அவ்வளவு மினுங்கி நான் பார்த்ததில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு துவாயை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் கதவுக்கு வெளியே படியில் இருந்தேன். மடியில் கொப்பி. முதல் செம்பு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. ஒவ்வொன்றாக எண்ணினேன். அம்மா குசினியில் கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவரும் எண்ணினாரோ தெரியாது. தண்ணீர் நின்றதும் எழுதினேன்: "12.40. சித்தப்பா குளித்தார். இருபத்துமூன்று செம்பு."

அதற்கு எதிர்ப்பக்கத்தில் பழைய வரிகள் இருந்தன. 3.52, ஒருமுறை. 3.50, ஒருமுறை. 3.55, ஒருமுறை. ஒரு செம்புத் தண்ணீரில் யாரும் குளிக்க ஏலாது. நான் அவற்றை வெட்டவில்லை. எல்லா வரிகளும் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தன.